பழைய அமெரிக்கத் தங்க நாணயங்கள், புழங்காத நிலையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1795 முதல் 1834 வரை பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த தங்க நாணயங்களைச் சேகரிப்பவர்கள் ‘எர்லி கோல்டு’ என்பார்கள். அதிலும் தேயாமல், உரசாமல் மிஞ்சியவை தனி உலகம். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். நான் வியாபாரி இல்லை, விற்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அபிப்பிராயங்கள் உண்டு.

எந்தெந்த நாணயங்கள் இதில் வரும்?

மூன்றே மதிப்புகள்தான்: பத்து டாலர் ஈகிள், ஐந்து டாலர் அரை ஈகிள், இரண்டரை டாலர் கால் ஈகிள். 1792 ஏப்ரல் 2ஆம் தேதிச் சட்டத்திலேயே மூன்றும் இருந்தன. ஆனாலும் தங்கத்தில் கை வைக்க மூன்று வருடம் ஆனது. தங்கம், வெள்ளியைக் கையாளும் அதிகாரிகள் ஆளுக்கு 10,000 டாலர் பிணை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய தொகைக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்? 1794இல் காங்கிரஸ் தொகையைக் குறைத்த பிறகு வெள்ளி நாணயமும், அடுத்த வருடம் தங்க நாணயமும் அடித்தார்கள். 1795 ஜூலை 31 அன்று முதல் தவணையாக 744 அரை ஈகிள்கள் வெளியே வந்தன.

முதல் உருவங்களை வரைந்து செதுக்கியவர் ராபர்ட் ஸ்காட். முன்பக்கம் உயரமான தொப்பி அணிந்த லிபர்ட்டி, அதாவது சுதந்திரத்தைக் குறிக்கும் பெண் உருவம். பின்பக்கம் முதலில் ஒரு சிறிய கழுகு. பனை ஓலை மேல் நின்று, அலகில் வளையம் பிடித்திருக்கும். கொஞ்சம் கோழி மாதிரி இருக்கிறது என்று அப்போதே கிண்டல் உண்டு. அப்புறம் அரசு முத்திரையில் இருப்பது போல மார்பில் கேடயம் தாங்கிய பெரிய கழுகு வந்தது. முத்திரையில் கழுகின் வலது காலில் ஆலிவ் கிளையும் இடது காலில் அம்புகளும் இருக்கும். ஸ்காட் அதை இடம் மாற்றிச் செதுக்கிவிட்டார். கையில் எடுத்தால் முதலில் அதைத்தான் நான் பார்ப்பேன். 1807இல் ஜான் ரைக் வந்து புது முகம் கொடுத்தார்.

ஒரு நாணயத்தில் எவ்வளவு தங்கம்?

22 காரட். அரை ஈகிளின் மொத்த எடை 8.75 கிராம், அதில் சுத்தத் தங்கம் 8.02 கிராம். நம் கணக்கில் சொன்னால் ஒரு பவுன். ஈகிளில் இரண்டு பவுன், கால் ஈகிளில் அரைப் பவுன். இந்தப் பொருத்தம் தற்செயல்தான் என்றாலும் நினைவில் வைக்கச் சுலபம்.

பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம் போக, மீதி ஒரு பங்கில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். வெள்ளி பாதிக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் சட்டம், குறைந்தால் பரவாயில்லை. அதனால் ஒரே வருடத்து நாணயங்களிலேயே ஒன்று லேசாகப் பச்சை கலந்த மஞ்சளாகவும் இன்னொன்று சிவந்தும் இருக்கும். நிறம் மாறுகிறதே என்று பயப்பட வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் அடித்ததாகக் கணக்கு இருக்கிறதே, பிறகு ஏன் கிடைப்பதில்லை?

உருக்கிவிட்டார்கள். இந்தத் துறையில் பாதிக் கதை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1792 சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என்று விலை கட்டியது. ஐரோப்பாவில் தங்கத்துக்கு அதைவிட அதிக வெள்ளி கிடைத்தது. பிரான்ஸ் 1803இல் பதினைந்தரை என்றே சட்டமாக்கியது. அப்படியிருக்க, பிலடெல்பியாவில் அரை ஈகிள்களைச் சேகரித்துக் கப்பலேற்றி அங்கே உருக்கினால் கை மேல் லாபம். பத்து டாலர் ஈகிள்தான் மூட்டை கட்ட வசதியானது என்பதால் அதை அடிப்பதையே 1804 முடிவில் நிறுத்தினார்கள். அது மறுபடி வர 1838 ஆனது. 1820களில் இங்கிலாந்து தங்கத்துக்கு மாறிய பிறகு நிலைமை இன்னும் மோசம். நாணயச்சாலையில் இருந்து நேராகத் துறைமுகத்துக்கே போயின என்று சொல்லும் அளவுக்கு இருந்தது.

கடைசி அடி 1834 ஜூன் 28ஆம் தேதிச் சட்டம். புது அரை ஈகிளில் தங்கத்தைக் குறைத்தார்கள். உடனே பழைய அரை ஈகிளின் உலோக மதிப்பு புதுப் பணத்தில் சுமார் 5 டாலர் 33 சென்ட் ஆனது. ஐந்து டாலருக்கு அதை யார் செலவழிப்பார்கள்? உலைக்குத்தான் போயிற்று. புது நாணயத்தைப் பிரித்துப் பார்ப்பதற்காகவே பின்பக்கத்தில் இருந்த லத்தீன் வாசகத்தை எடுத்துவிட்டார்கள்.

1822ஆம் வருடக் கணக்கில் 17,796 அரை ஈகிள்கள் இருக்கின்றன. அந்த வருடம் பொறித்த நாணயம் இன்று உலகில் மூன்றே மூன்று. அதனால் அடித்த எண்ணிக்கையைப் பார்த்து அருமையை முடிவு செய்யாதீர்கள். எத்தனை மிஞ்சியது என்பதுதான் கேள்வி. தவிர, நாணயச்சாலைக் கணக்கு அந்த வருடம் வெளியே போனதைச் சொல்லும், அவற்றில் பொறித்த தேதியைச் சொல்லாது.

அப்படியானால் புழங்காதவை மட்டும் எப்படித் தப்பின?

சாதாரண ஆள் இதைக் கடைக்கு எடுத்துப் போகவே மாட்டான். ஒரு நாள் கூலி ஒரு டாலரைத் தொடாத காலம் அது, ஐந்து டாலரை எங்கே போய் மாற்றுவது? தங்கத்தைக் கொண்டு வந்து கொடுத்தவருக்கு அதையே நாணயமாக அடித்துத் திருப்பிக் கொடுப்பதுதான் நாணயச்சாலையின் வழக்கம். கொண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் வங்கிகளும் வணிகர்களும். பெட்டகத்துக்குப் பெட்டகம் பைகளில் மாறிக்கொண்டிருந்ததால் தேய்மானம் குறைவு, ஆனால் பையில் ஒன்றோடொன்று மோதிய வடுக்கள் நிறைய.

‘புழங்காதது’ என்றால் உண்மையில் என்ன? எம்.எஸ். எண் எதைச் சொல்கிறது?

1 முதல் 70 வரை போகும் ஷெல்டன் அளவுகோலில் 60இல் இருந்து மேலே எல்லாம் ‘மிண்ட் ஸ்டேட்’, சுருக்கமாக எம்.எஸ். அதற்குக் கீழே 50 முதல் 58 வரை ஏ.யூ., அதாவது கிட்டத்தட்டப் புழங்காதது. முக்கியமான தரம் பார்க்கும் நிறுவனங்கள் பி.சி.ஜி.எஸ். (1986), என்.ஜி.சி. (1987). நாணயத்தைப் பார்த்து எண் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் முத்திரையிட்டுத் தருவார்கள். அந்த டப்பாவைத்தான் ‘ஸ்லாப்’ என்கிறோம்.

புத்தகப்படி எம்.எஸ். நாணயத்தில் தேய்மானம் துளியும் இருக்கக் கூடாது. நடைமுறையில், இந்தக் காலத்துத் தங்கத்தில் எம்.எஸ். 60, 61, 62 போட்ட நாணயங்கள் பலவற்றில் மேட்டுப் பகுதிகளில் உரசல் தெரியும். இருநூறு வருடம் இழுப்பறைகளில் சறுக்கிக் கிடந்ததுதான், கடைகளில் புழங்கியதில்லை என்று சமாதானம் சொல்வார்கள். முப்பது வருடத்துக்கு முன் ஏ.யூ. 55, 58 என்று ஸ்லாப் செய்த பல நாணயங்கள் இன்று எம்.எஸ். எண்ணோடு உலவுகின்றன என்பது ஊரறிந்த ரகசியம். டப்பாவை உடைத்து மறுபடி அனுப்பினால் ஒரு எண் ஏறக்கூடும். ஏறினால் ஆயிரக்கணக்கில் லாபம். பிறகு ஏன் அனுப்ப மாட்டார்கள்?

ஆகவே எண் என்பது அன்றைக்கு அந்த மேசையில் இருந்தவர்களின் கருத்து. நாணயத்தை நீங்களே பார்க்கப் பழக வேண்டும். ஒரே ஒரு விளக்கின் கீழ் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். புதிதாக அடித்த தங்கத்தில் ஒளிக்கற்றை நடுவில் இருந்து விளிம்பு வரை அறுபடாமல் சுற்றி வரும். லிபர்ட்டியின் கன்னம், நெற்றிக்கு மேல் உள்ள முடி, தோள், பின்னால் கழுகின் மார்பு, இறக்கை முனை ஆகிய இடங்களில் அந்த ஒளி சட்டென்று மங்கிச் சாம்பலோ பழுப்போ தட்டினால் அங்கே உரசியிருக்கிறது.

புதிதாக வருபவர்கள் குழம்புவது இன்னொரு இடத்தில். அன்று கையால் இயக்கும் திருகு அச்சு இயந்திரம்தான். அழுத்தம் போதாமல் நடுவில் உருவம் தட்டையாக விழுவது சகஜம். கழுகின் மார்பு தட்டையாக இருக்கிறதே, தேய்ந்துவிட்டதா என்று கேட்பார்கள். தட்டையான இடத்திலும் மினுமினுப்பு அப்படியே இருந்தால் அது அடித்தபோதே பலவீனம். தட்டையாகவும் மங்கலாகவும் இருந்தால் தேய்மானம்.

எம்.எஸ். 61 வாங்குவதா, ஏ.யூ. 58 வாங்குவதா?

நாணயத்தைப் பார்க்காமல் சொல்லச் சொன்னால், 58. நல்ல 58இல் மேட்டில் மட்டும் லேசான உரசல், சமதளத்தில் தோல், அதாவது அடித்தபோது இருந்த மேற்பரப்பு, அப்படியே இருக்கும். 61 என்றால் பெரும்பாலும் வடுக்கள் நிறைந்ததாகவோ, எப்போதோ கழுவி உயிர் போனதாகவோ இருக்கும். விலையும் 58க்குக் குறைவு. எண்ணில் எம்.எஸ். இருந்தே ஆக வேண்டும் என்றால் 62ஐக் குறைந்தபட்சமாக வையுங்கள்.

முகத்தில் இணை கோடுகளாகக் கீறல். சேதமா?

இல்லை, அது அரம் போட்ட தடம். வெறுந்தகடு குறித்த எடைக்கு மேல் இருந்தால் நாணயச்சாலையிலேயே ஒரு ஆள் அரத்தால் ராவிச் சரி செய்வார். எடை குறைந்தால் திரும்ப உருக்குவார்கள். ராவிய பிறகுதான் அச்சில் வைத்து அடிப்பது. அடியின் அழுத்தத்தில் பெரும்பாலான கோடுகள் அமுங்கிவிடும். அழுத்தம் முழுதாகப் போய்ச் சேராத இடங்களில் மிஞ்சும், முக்கியமாக முடியிலும் விளிம்புப் பற்களிலும்.

பின்னாளில் விழுந்த கீறலையும் இதையும் லென்ஸில் பிரித்துவிடலாம். அரத் தடம் உருவத்துக்கு அடியில் போய் மறைந்து மறுபக்கம் வெளிவருவது போல இருக்கும். கீறல் உருவத்தின் மேலேயே வெட்டிக்கொண்டு போகும், ஓரத்தில் உலோகம் ஒதுங்கி நிற்கும். அரத் தடத்துக்காக நாணயத்தை நிராகரிக்க மாட்டார்கள். ஆனால் லிபர்ட்டியின் முகத்தின் குறுக்கே ஓடினால் அழகு கெட்டு விலையும் இறங்கும். எனக்கு மிதமான அரத் தடம் பிடிக்கும். அந்த நாணயத்தின் எடை கையால் சரி பார்த்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

நாணயத்தில் ‘ஐந்து டாலர்’ என்று எங்கேயும் இல்லையே, போலியா?

1807க்கு முந்தைய தங்கத்தில் மதிப்பு எழுதும் பழக்கமே இல்லை. அளவையும் எடையையும் வைத்தே மதிப்பிட்டார்கள். ரைக்கின் 1807 அரை ஈகிளில்தான் முதலில் மதிப்பு வந்தது.

1795 என்று போட்டிருக்கிறது, பின்னால் பெரிய கழுகு இருக்கிறது. எப்படி?

உண்மையான நாணயம்தான். அச்சுக்கான நல்ல எஃகு கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கடினப்படுத்தும்போது வெடிக்கும். அதனால் ஒரு அச்சு உயிரோடு இருக்கும் வரை விட மாட்டார்கள். பெரிய கழுகு வந்த பிறகு, மிச்சமிருந்த 1795 முன்பக்க அச்சை எடுத்து அடித்தவை அவை. 1798 வாக்கில் அடித்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து.

இதே சிக்கனத்தால் தேதி மேல் தேதி செதுக்குவதும் நடந்தது. 1802 அரை ஈகிள் எல்லாமே 1இன் மேல் 2 வெட்டியவை. 1803 எல்லாமே 2இன் மேல் 3. 1801 தேதியில் அரை ஈகிளே கிடையாது. கால் ஈகிள் பத்துப் பார்ப்பதற்குள் அரை ஈகிள் நூறு பார்க்கலாம் என்பதால் இந்த விளையாட்டுக்கு அரை ஈகிள்தான் சரி. நட்சத்திர எண்ணிக்கையும் ஒரு சுவாரசியம்: பதினைந்தில் தொடங்கி, டென்னஸி சேர்ந்ததும் பதினாறாகி, இப்படியே போனால் இடம் போதாது என்று பதின்மூன்றில் நிறுத்தினார்கள்.

எதில் தொடங்கலாம்?

அரை ஈகிளில். 1806, 1807, 1810, 1811, 1812, 1813 தேதிகள் புழங்காத நிலையில் ஓரளவு கிடைக்கும். ஓரளவு என்றால், பெரிய ஏலங்களில் காத்திருந்தால் வரும் என்று அர்த்தம். எம்.எஸ். 62இல் பத்தாயிரம் டாலரைத் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 63, 64 என்று ஏற ஏற விலை படி ஏறாது, தாவும். ஈகிள் வேண்டுமானால் 1799, 1801, 1803 பாருங்கள். சிறிய கழுகு போட்ட எதுவும் தொடக்கக்காரருக்கு இல்லை.

முழு வரிசையும் சேர்க்க முடியுமா?

தேதி வாரியாக முடியாது. 1822 அரை ஈகிள் மூன்றில் இரண்டு வாஷிங்டனில் ஸ்மித்சோனியனில் இருக்கின்றன. மூன்றாவதை பிரென்ட் போக் சேகரிப்பில் இருந்து 2021 மார்ச்சில் ஏலம் விட்டார்கள், 84 லட்சம் டாலர். இதில் கவனிக்க வேண்டியது அதன் தரம்: ஏ.யூ. 50. அரை ஈகிள் வரிசையின் ராஜாவே புழங்காத நாணயம் இல்லை.

வடிவ வாரியாக என்றால் பன்னிரண்டு போதும்: கால் ஈகிளில் ஐந்து, அரை ஈகிளில் ஐந்து, ஈகிளில் இரண்டு. ஆனால் அந்த ஐந்து கால் ஈகிளில்தான் இடறும். 1796இல் நட்சத்திரம் இல்லாமல் அடித்தவை 963. 1808 வடிவம் அந்த ஒரு வருடம் மட்டும், 2,710 அடித்தார்கள். அதே போக் சேகரிப்பில் இருந்த எம்.எஸ். 65 ஒன்று 2015இல் 23.5 லட்சம் டாலருக்குப் போனது. பெரும்பாலோர் அரை ஈகிளின் ஐந்து வடிவங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். அதுவே ஆயுள் காலத் திட்டம்.

சுத்தம் செய்யலாமா?

கூடாது.

‘டீடெயில்ஸ்’ என்று எழுதிய ஸ்லாப் மலிவாக இருக்கிறதே?

எண் போடத் தகுதியில்லை, நாணயம் மட்டும் அசல் என்று அர்த்தம். கழுவியது, ஓட்டை அடைத்தது, நகையில் இருந்து கழற்றியது, கீறலை மறைக்கத் தீட்டியது என்று காரணமும் எழுதியிருக்கும். இந்தக் காலத்துத் தங்கம் நிறைய நகையாகிப் போனது, விளிம்பில் கொக்கி பற்றவைத்த தடம் பார்க்கலாம். தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. விற்கும்போதும் அதே தள்ளுபடியில்தான் போகும் என்று நினைவிருக்கட்டும்.

சி.ஏ.சி. ஸ்டிக்கர் என்றால்?

சி.ஏ.சி. ஒரு தனி நிறுவனம். மற்றவர்கள் ஸ்லாப் செய்த நாணயத்தை மறுபடி பார்த்து, அந்த எண்ணுக்கு உறுதியானது என்றால் பச்சை ஸ்டிக்கர், எண்ணே குறைத்துப் போட்டிருக்கிறது என்றால் தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். 2007இல் தொடங்கியது. பழைய தங்கத்தில் இது நிஜமாகவே உதவும், ஏனென்றால் எண்ணைவிடத் தோலைப் பார்க்கிறார்கள். அதற்கான கூடுதல் விலை சில சமயம் அநியாயமாகப் போகும் என்பதும் உண்மை.

போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்லாப் இல்லாமல் வாங்காதீர்கள் என்று நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இப்போது ஸ்லாபே போலியாக வருகிறது. ஸ்லாபில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு வடு வடுவாக ஒப்பிடுங்கள்.

இந்த வரிசைக்கு ஒரு வசதி உண்டு. அச்சு ஒவ்வொன்றும் கையால் முடித்தது. நட்சத்திரம் எங்கே முடியைத் தொடுகிறது, தேதியின் கடைசி எண் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதெல்லாம் அச்சுக்கு அச்சு மாறும். இந்த அச்சுகளைப் பட்டியலிட்ட பாஸ், டேன்ரூதர் இருவர் பெயரால் பி.டி. என்று தொடங்கும் எண் ஒவ்வொரு அச்சு ஜோடிக்கும் உண்டு. 1795 ஈகிளில் கழுகு நிற்கும் ஓலையில் பதின்மூன்று இலையா ஒன்பது இலையா என்று எண்ணிப் பாருங்கள், ஒன்பது மிக அரிது. எந்த ஜோடியோடும் பொருந்தாத முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து வந்தால் உஷார். எடை, விளிம்புக் கோடுகள், நாணயத்தின் சமதளத்தில் குமிழ்க் குழிகள் ஆகியவை அடுத்த சோதனை.

‘இந்தத் தரத்தில் இருபதுதான்’ என்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

தரம் பார்க்கும் நிறுவனங்கள் வெளியிடும் கணக்கு அது. எத்தனை முறை எண் போட்டார்கள் என்று எண்ணுகிறது. உடைத்து உடைத்து அனுப்பிய ஒரே நாணயம் மூன்று நாணயமாகப் பதிவாகியிருக்கலாம். அதனால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதே சமயம், மேலும் பல இன்னும் ஸ்லாப் ஆகாமல் ஒளிந்திருக்கவும் வாய்ப்புண்டு.

ஏலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சுத்தியல் தட்டி முடித்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் இருபது சதவீதம் அல்லது அதற்கு மேல் வரும். அதைக் கழித்துத்தான் உங்கள் உச்ச விலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் போவர்ஸ் என்ற ஏல நிறுவனங்கள் இரண்டின் தளத்திலும் பழைய ஏல விலைகளைப் படத்தோடு பார்க்கலாம். நீங்கள் கேட்கும் அதே நாணயம் முன்பு எப்போது, எந்த ஸ்லாபில், என்ன எண்ணோடு வந்தது என்று தேடுங்கள். பத்து வருடம் முன் 61 ஆக இருந்தது இன்று 63 ஆக நிற்பதைக் கண்டுபிடிப்பதில் ஒரு தனி சுகம். அமெரிக்காவுக்கு வெளியே வரவழைப்பதானால், பணம் கட்டுமுன் உங்கள் நாட்டுச் சுங்க விதியைக் கேட்டுவிடுங்கள்.

1933இல் தங்கத்தைப் பறிமுதல் செய்தார்களே, இதை வைத்திருப்பது சட்டப்படி சரியா?

சரிதான். ரூஸ்வெல்ட்டின் 1933 ஏப்ரல் 5 ஆணையிலேயே சேகரிப்பாளர்களுக்குத் தனி மதிப்புள்ள அரிய நாணயங்களுக்கு விலக்கு இருந்தது. 1974 கடைசி நாளில் இருந்து எந்தத் தங்கத்துக்கும் தடையில்லை.

முதலீடாக வாங்கலாமா?

தங்க விலை ஏறும் என்று நினைத்தால் தங்கம் வாங்குங்கள். பதினைந்தாயிரம் டாலர் கொடுத்து வாங்கும் அரை ஈகிளில் தங்கம் ஒரு பவுன்தான், மற்றதெல்லாம் அருமைக்கும் ஆசைக்கும் கொடுத்த விலை. வாங்கும்போதும் விற்கும்போதும் கமிஷன் போகும். அமெரிக்காவில் சேகரிப்புப் பொருள் லாபத்துக்கு நீண்டகால வரி 28 சதவீதம் வரை உண்டு. பங்குகளுக்கு அவ்வளவு கிடையாது.

எங்கே, எப்படி வைப்பது?

ஸ்லாபிலேயே, வங்கி லாக்கரில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு. பி.வி.சி. கலந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை வேண்டாம், பச்சைப் பிசுபிசுப்பு இறங்கும். தங்கம் கறுக்காது, உள்ளே இருக்கும் செம்பு புள்ளி விடும். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நாணயத்துக்குச் சொற்பமான தொகைதான் கொடுப்பார்கள், தனிக் காப்பீடு எடுங்கள்.

வாங்காமல் நேரில் பார்த்துப் பழக வழி உண்டா?

உண்டு, அதுவும் இலவசமாக. பெரிய ஏலத்துக்கு முந்தைய நாட்களில் பார்வையிட நேரம் ஒதுக்குவார்கள். பதிவு செய்துவிட்டு உட்கார்ந்தால் நீங்கள் கேட்கும் நாணயங்களைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள், மேசையில் விளக்கும் இருக்கும். ஒரே தேதி, ஒரே வடிவத்தில் ஏ.யூ. 58, எம்.எஸ். 61, எம்.எஸ். 64 மூன்றையும் ஒரே தட்டில் கேளுங்கள். எண் தெரியாமல் இருக்கச் சீட்டின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு வரிசைப்படுத்திப் பாருங்கள். ஜனவரியில் ஃபுளோரிடாவில் நடக்கும் ஃபன் கண்காட்சியும் ஆகஸ்ட் வாக்கில் ஏ.என்.ஏ. என்ற அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் கண்காட்சியும் இதற்கு நல்ல இடங்கள். லென்ஸ் உங்களுடையதைக் கொண்டு போங்கள், ஐந்து மடங்கு போதும்.